ஒரே மேசையில் திறக்கும் இணையதளம்

இப்போது சொன்னால் கைதட்டல் நின்றுவிடும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தலைவர் கையில் இருக்கும் எலுமிச்சம்பழத்தை அவர் என்ன செய்வார்? பழத்தோடு நிற்கிற மனிதரிடம் போய், ஐயா, நீங்கள் தொடங்கிவைக்கப் போகிற இணையதளம் இந்த மேசையைத் தாண்டி எங்கேயும் இல்லை என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம்.

தளத்தைக் கட்டிய தேவிப்ரியா இப்படி நினைத்துக்கொண்டு நின்றபோதே தலைவர் சரவணமுத்து எலுமிச்சம்பழத்தைக் கம்ப்யூட்டர் மேசையின் முன்சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டார். சமவெளி வட்டாரக் குடிநீர்க் குறைதீர்ப்பு வாரியத்துக்குத் தலைவராக அஸ்தம்பட்டிக்கு வருவதற்கு முன்னால் அவர் நாமக்கல்லில் லாரிகள் ஓட்டியவர். பாடி கட்டி முடித்த புது வண்டி பழம் நசுக்காமல் ரோட்டுக்கு வரக்கூடாது என்பது அவருடைய கொள்கை. மேசைக்குச் சக்கரம் இருந்தது வாரியம் செய்த புண்ணியம். செயலாளர் தனசேகரும் எழுத்தர் ஜெயபிரகாஷும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். பழம் பிதுங்கியது. மானிட்டர் ஒரு குலுக்கு குலுங்கி நின்றது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, தலைவர் ஒற்றை விரலால் தளத்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

தளம் திறந்தது. நீலத் திரையில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதன் கீழே பெரிய எழுத்தில் 'நிலுவையில் உள்ள புகார்கள்: 0' என்று வந்தது.

"பாத்தீங்களா?" என்றார் தலைவர் கூட்டத்தைப் பார்த்து. "தொடங்கின நிமிசத்துலயே பூஜ்யத்துக்குக் கொண்டாந்துட்டோம்."

கைதட்டினார்கள். தேவிப்ரியாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இருபத்தாறு வயதில் அவளுக்கு யாரும் போர்த்திய முதல் ஆடை அது. ஜரிகை கழுத்தில் உறுத்தியது. அந்த உறுத்தலை அவள் கொஞ்சம் ரசித்தாள் என்பதைத்தான் பின்னால் அவளால் தனக்கே மன்னிக்க முடியவில்லை.

அவள் செய்தது பெரிய மோசடி ஒன்றும் இல்லை. இணையதளம் கட்டுகிற எல்லோரும் செய்வதுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. யாராவது ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அது எங்கே இருக்கிறது என்று வெளியுலகத்தை விசாரிப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் அந்தக் கோப்பைத்தான் பார்க்கும். 'இந்தப் பெயரைத் தேடி எங்கேயும் போகாதே, அது உனக்குள்ளேயே இருக்கிறது' என்று அதில் ஒரு வரி எழுதிவைத்தால் கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் நம்பிவிடும். கட்டிக்கொண்டிருக்கும் தளத்தை உலகத்துக்குக் காட்டாமல் நாம் மட்டும் திறந்து பார்த்துக்கொள்ள அது ஒரு வசதி. வேலை முடிந்ததும் தளத்தை எல்லோரும் எட்டக்கூடிய உண்மையான சர்வரில் ஏற்றிவிட்டு அந்த வரியை அழித்துவிட வேண்டும்.

சர்வர் வரவில்லை. அதற்குள் தனசேகர் வந்துவிட்டார். தொடக்கவிழாவுக்கு முந்தின வாரம் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்து, "அட, முடிஞ்சுபோச்சே!" என்றார்.

"இல்லைங்க சார். இது இந்த கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் இப்படித் தெரியும்."

"மொதல்ல இங்க தெரியட்டும்மா. அப்புறம் உலகத்துக்குப் போலாம்," என்று சொல்லிவிட்டு அவர் அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கப் போய்விட்டார். அவள் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். எழுந்து பின்னாலேயே போயிருக்கலாம். அவளுடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாதம் அது. அவள் நாற்காலியிலேயே இருந்தாள்.

விழாவுக்கு மறுநாள், நினைத்தபடியே, முதல் வேலையாகப் போய்ச் சொன்னாள். தனசேகர் பொறுமையாகக் கேட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு தலைவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"சென்னைக்கு எழுதி சர்வர் கேட்டா ஒரு வாரத்துல ஏத்திடலாமுங்க சார்," என்று முடித்தாள் தேவிப்ரியா.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் அம்மணி, ஓடற வண்டிக்கு இஞ்சின் வேணும்னு எழுதுனா, நேத்து எப்படி ஓடுச்சுன்னு கேக்க மாட்டானா?"

"அதான் சார் விஷயம்," என்றார் தனசேகர். "தொடங்காத தளத்துக்கு சர்வர் கேக்கலாம். தொடங்கின தளத்துக்குக் கேட்டா ஆடிட்ல மாட்டுவோம். நேத்து காலையில வந்து கேட்டிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன். நீ இன்னைக்கு வந்திருக்க." அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நேரத்துக்குச் சொல்லணுமில்லயாம்மா?"

தப்பு தன்னுடையதுதான் என்று அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அந்த அறையில் நடந்தவற்றில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை அணைப்பதில்லை. 'வாரியத்தின் இணையதளம் இங்கே உள்ளது. சுவிட்சைத் தொடாதீர்' என்று ஜெயபிரகாஷ் ஒரு அட்டை எழுதி மாட்டினார். தூசு படியக்கூடாது என்று சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஊதுவத்தி கொளுத்தினார்கள். தளம் வந்துவிட்டதால், வெளியே புகார் மனு வாங்கிக்கொண்டிருந்த ஜன்னல் தேவைப்படவில்லை. பலகை அடித்து மூடி, அதன்மேல் தண்ணீர் கொட்டுகிற குழாய் ஒன்றை வரைந்து, 'புகார்கள் இணையதளம் வழியாக மட்டுமே' என்று எழுதினார்கள். ஓவியர் நன்றாக வரைந்திருந்தார். தாகத்தோடு வந்த ஒரு ஆட்டோக்காரர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அடுத்ததாக அலுவலர்களின் மனக்குறை தொடங்கியது. தங்கள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்தால், பழைய ஒப்பந்தக்காரர் போட்டுவிட்டுப் போன 'விரைவில் உங்கள் சேவையில்' என்ற பக்கமும் அதில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சக்கரமும்தான் வருகின்றன என்று கண்காணிப்பாளர் எழுத்துமூலம் கேட்டார். தனசேகர் தேவிப்ரியாவைக் கூப்பிட்டார்.

"அவங்க மேசையிலயும் தெரியவைக்க முடியுமா?"

"அந்தந்த கம்ப்யூட்டர்ல ஒரு வரி போட்டு, பேரை நம்ம கண்ணாடி ரூம் பக்கம் திருப்பிவிட்டா தெரியுமுங்க சார். ஆனா அது..."

"தெரியுமில்ல? போடு."

போட்டாள். பணிமூப்பு வரிசைப்படி போடவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கண்காணிப்பாளருக்கு முன்னால் உதவியாளர் ஒருவருக்குப் போட்டுவிட்டாள் என்று விளக்கம் கேட்டார்கள். உதவியாளரின் வரியை அழித்து, கண்காணிப்பாளருக்குப் போட்டு, பிறகு உதவியாளருக்கு மறுபடியும் போட்டாள். கண்காணிப்பாளர் அந்தக் கோப்பையே திறந்து காட்டச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"நம்ம வாரியத்துக்கு மேல இன்னொரு பேர் இருக்கே. லோக்கல்ஹோஸ்ட். யாரிது?"

"அது யாரும் இல்லைங்க சார். கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கற பேரு."

"தானே கூப்பிட்டு, தானே பதில் சொல்லிக்குமா?"

"ஆமாங்க சார்."

"வெளியில யாரையும் கேக்காது?"

"கேக்காதுங்க சார்."

"அப்படின்னா ஒழுங்கான கம்ப்யூட்டர்தான்," என்றார் அவர். "அது மேலயே இருக்கட்டும்."

ஒவ்வொரு மேசையிலும் வரியை எழுதிவிட்டு எழும்போது, எதிரே இருப்பவரின் முகம் மலர்வதை அவள் பார்த்தாள். பொய் சொல்வது இவ்வளவு பேருக்கு இவ்வளவு மகிழ்ச்சியைத் தரும் என்று அவள் நினைத்ததில்லை. சூரமங்கலத்து வீட்டில் அவளுடைய அம்மா பொன்னாடைப் படத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தாள். சோறு சாப்பிடும்போது அந்தப் படத்துக்கு முதுகு காட்டி உட்கார தேவிப்ரியா பழகிக்கொண்டாள்.

காளியாத்தாள் வந்தது அந்தச் சமயத்தில்தான். ராசிபுரத்தைத் தாண்டி ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாற்பது வயது இருக்கும். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வரைந்த குழாயின் முன்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்து ஜெயபிரகாஷிடம் நின்றாள்.

"ஏனுங்க, எங்க வீதிக் கொழாயில சாக்கடை கலந்து வருதுங்க. எழுதிக் குடுக்கலாம்னு வந்தேன்."

"எழுதியெல்லாம் குடுக்கக் கூடாதும்மா. இணையதளத்துல போடுங்க."

"போட்டுப் பாத்தமுங்க. எம் பொண்ணு ரஞ்சனி போன்ல அமுக்குனா, விரைவில் உங்கள் சேவையில்னு வருதுங்களாமா. ஆடி நோம்பியில இருந்து அதேதான் வருது. ஒரு சக்கரம் சுத்திக்கிட்டே கெடக்குது."

"உங்க போன் பழசா இருக்கும்."

"ஊருல எல்லா போனும் பழசுங்களா சாமி?"

ஜெயபிரகாஷ் அவளைக் கண்ணாடித் தடுப்புக்குக் கூட்டிப்போனார். கைகட்டி நிற்கச் சொல்லிவிட்டுத் தளத்தைத் திறந்து காட்டினார். "இப்பப் பாருங்க. எப்படி வருது?"

"ஜோராத்தானுங்க வருது. தண்ணிகூட கொட்டுது."

"அதுக்குக் கீழ பாருங்க. புகாரே இல்ல."

"இருக்குதுங்களே. நாந்தான் வந்து நிக்கறனே." அவள் திரையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "சரிங்க, இதுலயே என்னோடதைப் போட்டுருங்களேன்."

ஜெயபிரகாஷ் பதறிப்போனார். "இதுலயா? தலைவர் கையால தொடங்கிவெச்சதும்மா இது. பொதுமக்கள் தொடக்கூடாது. உங்க ஊருக்குப் போயி பிரவுசிங் சென்டர்ல போடுங்க."

இதையெல்லாம் தேவிப்ரியா தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வாசலைத் தாண்டும்வரை அசையாமல் இருந்துவிட்டு, பிறகு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். ஏற்காடு ரோட்டு வெயிலில் கால் சுட்டது.

"அக்கா, சொல்லுங்க. வீதி எது? எத்தனை நாளா வருது? நானே போட்டுவிடறேன்."

காளியாத்தாள் சொன்னாள். சாக்கடை தோண்டும்போது குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டார்கள். மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். காலையில் பிடிக்கிற தண்ணீரில் முதல் நாலு குடம் கறுப்பு. வீதியில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. சொல்லி முடித்துவிட்டு, "நீங்க நல்லா இருப்பீங்க அம்மணி," என்றாள். அந்த வார்த்தை தேவிப்ரியாவின் மேல் பொன்னாடையைவிடக் கனமாக விழுந்தது.

மதிய உணவு நேரத்தில், ஆள் இல்லாதபோது, கண்ணாடித் தடுப்புக்குள் போய் அவள் அந்தப் புகாரைப் பதிந்தாள். திரையில் பூஜ்யம் மறைந்து ஒன்று வந்தது.

வாரியத்தின் மூன்று மாடிகளிலும் ஒரே நேரத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. எல்லா மேசையிலும் இப்போது அந்தத் தளம் தெரிகிறது அல்லவா? கண்காணிப்பாளர் சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார். அரைமணி நேரத்தில் அவசரக் கூட்டம் கூடியது.

"தளத்துக்குள்ள யாரோ பூந்துட்டாங்க," என்றார் தனசேகர். "நம்ம புள்ளிவிவரத்தைக் கெடுக்கணும்னே செஞ்சிருக்காங்க."

"வெளியில இருந்து வந்ததா, உள்ள இருந்து வந்ததா?" என்று கேட்டார் தலைவர்.

"வெளியில இருந்து வர்றதுக்கு வழியே இல்லைங்க சார்," என்று தேவிப்ரியா சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள். இப்போது யாராவது அடுத்த கேள்வியைக் கேட்பார்கள் என்று காத்திருந்தாள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

"அவ்வளவு பாதுகாப்பா வெச்சிருக்கியா?" என்றார் தலைவர் வியந்துபோய். "அப்படியும் ஒண்ணு வந்திருக்குதுன்னா, அது புகாரா இருக்க முடியாது."

அது என்னவாக இருக்க முடியும் என்று விவாதித்தார்கள். சோதனைப் பதிவு என்று முடிவானது. காளியாத்தாள் என்ற பெயரும் வீதியின் பெயரும் தண்ணீரின் நிறமும் சோதனைக்காகக் கற்பனையாக எழுதப்பட்டவை என்று தீர்மானம் நிறைவேறியது. கண்காணிப்பாளர் மட்டும் ஒரு திருத்தம் சொன்னார்: கற்பனை என்றாலும் தண்ணீரைக் கறுப்பு என்று எழுதியிருக்க வேண்டாம், லேசாகக் கலங்கல் என்று எழுதியிருக்கலாம்.

"அழிச்சுடும்மா," என்றார் தனசேகர்.

நான்தான் எழுதினேன் என்று தொண்டைவரை வந்தது. சொன்னால் அடுத்த மாதம் வேலை இருக்காது. வேறு யாரும் இங்கே உட்கார்ந்து சர்வருக்காகப் போராடமாட்டார்கள். வேலையில் இருந்தால்தானே நல்லது செய்ய முடியும்? இப்படி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, ஒவ்வொரு படியிலும் தனக்கு ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, அவள் அந்த அறையில் அத்தனை பேர் பார்க்க அந்தப் புகாரை அழித்தாள். திரையில் பூஜ்யம் திரும்பி வந்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். யாரோ டீ சொன்னார்கள்.

குறையே இல்லாத வாரியம் என்ற பேச்சு சென்னைவரை போனது. மாநிலத்தில் எங்கேயும் இல்லாத சாதனை. விருதுக்குப் பரிந்துரைத்தார்கள். பரிந்துரைக் கூட்டத்தில் தலைவர் பேசியதை ஜெயபிரகாஷ் செல்போனில் பதிந்து எல்லோருக்கும் அனுப்பினார்.

"முந்தியெல்லாம் இந்த ஜன்னலுக்கு முன்னாடி எத்தனை கூட்டமுங்க! குடத்தைத் தூக்கிட்டு வருவாங்க, மறியல் பண்ணுவாங்க. நம்மளால டீ குடிக்க முடியாது. இன்னைக்குப் பாருங்க, ஒரு ஈ காக்கா இல்லை. மக்கள் நம்மளைத் தேடி வராம இருக்கறதுதான் நல்ல நிர்வாகம். அந்த நிலைமைக்கு மக்களைக் கொண்டாந்திருக்கோம்!"

கைதட்டல் பதிவில் நன்றாகக் கேட்டது.

விருதுக்கான ஆய்வு அலுவலர் சென்னையிலிருந்து வருகிற அன்று காலையில் காளியாத்தாள் மறுபடியும் வந்தாள். வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி நேராக தேவிப்ரியாவின் மேசைக்கு வந்தாள். கையில் மஞ்சள் பை. அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். அடியில் கறுப்பாக ஒரு விரற்கடை படிந்திருந்தது. மேலே இருந்த தண்ணீர் தெளிவாக, குடித்தால்தான் என்ன என்று தோன்றும்படி இருந்தது.

"எம் பொண்ணுக்கு மஞ்சக்காமாலைங்க. பெரியாசுபத்திரியில சேத்திருக்கறேன். இப்ப அங்கிருந்துதான் வாரேன்." குரலில் அழுகை இல்லை, தூக்கம் இல்லாத குரல். "நீங்க போட்டுவிட்டீங்களே அம்மணி, அதுக்கு ஏதாச்சும் பதில் வந்துச்சுங்களா?"

தேவிப்ரியா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, "பாத்துக்கிட்டு இருக்காங்கக்கா," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. தனசேகர் அப்படித்தான் சொல்வார். ஜெயபிரகாஷ் அப்படித்தான் சொல்வார். கடைசியில் அவளும் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கிற பெட்டியைப்போல, வெளியே எதையும் கேட்காமல், தனக்குள்ளிருந்தே எடுத்து ஒரு பதிலைச் சொல்லிவிட்டாள்.

"பாக்கறாங்கன்னா சரிங்க," என்றாள் காளியாத்தாள். "அந்த பாட்டிலு இங்கயே இருக்கட்டும். பெரியவங்க வந்தா காட்டுங்க. நான் போயிட்டு வாரேன், பொண்ணு தனியா இருக்குது." பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். நம்பிவிட்டுப் போனாள். சண்டை போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது தேவிப்ரியாவுக்கு.

ஆய்வு அலுவலர் கௌதமன் பதினோரு மணிக்கு வந்தார். பழக்கூடை, சால்வை, கண்ணாடித் தடுப்பு, எல்லாவற்றையும் பார்த்தார். கண்ணாடிக்குள் கொட்டுகிற தண்ணீரையும் பூஜ்யத்தையும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத விதமாக, தேவிப்ரியாவின் நாற்காலி காலியாக இருந்ததால் அதில் உட்கார்ந்து தன்னுடைய லேப்டாப்பைத் திறந்தார். "ஸ்கிரீன் படம் ஒண்ணு என் அறிக்கையில சேக்கணும்," என்று சொல்லிக்கொண்டே தளத்தின் பெயரைத் தட்டினார்.

'விரைவில் உங்கள் சேவையில்' என்று வந்தது. சக்கரம் சுற்றியது.

தனசேகர் சிரித்தார். "சார் லேப்டாப்புல ஒரு சின்ன செட்டிங் பண்ணணும். வர்ற ஆபீசர் எல்லாருக்கும் பண்ணிக் குடுக்கறதுதான். தேவிப்ரியா, நம்ம வைஃபையில சேத்து, சாருக்கு அந்த வரியைப் போட்டுக் குடும்மா."

"பண்ணுங்கம்மா," என்று கௌதமன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பிவைத்தார். அப்படித் திருப்பும்போது அதன் முனை பாட்டிலில் இடித்தது. அடியில் படிந்திருந்தது கலங்கி எழுந்தது. தெளிவாக இருந்த தண்ணீர் மெல்லமெல்லக் கறுத்து, மேல்வரை ஒரே நிறமாகிவிட்டது.

"என்னது இது?" என்றார் அவர்.

"டீத்தூள் சார்," என்றார் தனசேகர் உடனே.

தேவிப்ரியா விசைப்பலகையைப் பார்த்தாள். எத்தனை மேசையில் எழுதிய வரி! கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். விரல்களுக்கே தெரியும். அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னம்மா?" தனசேகரின் குரல் தாழ்ந்தது. "சார் காத்துக்கிட்டிருக்காரு."

"நான் போடலைங்க சார்."

"ஒரு வரிதானேம்மா."

"ஆமாங்க சார். ஒரு வரிதான்," என்றாள். குரல் இவ்வளவு சின்னதாக வெளியே வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. "இனிமே யாருக்கும் நான் அதைப் போட மாட்டேனுங்க."

தலைவர் கையில் எடுத்த சால்வையோடு நின்றார். ஜெயபிரகாஷ் கண்ணாடித் தடுப்பைத் துடைக்கத் தொடங்கினார். தேவிப்ரியா பாட்டில் இடிபடாதபடி கொஞ்சம் நகர்த்திவிட்டு, லேப்டாப்பை மறுபடியும் கௌதமனின் பக்கம் திருப்பினாள். ராசிபுரத்தைத் தாண்டி ஒரு வீதியில் எல்லாப் போன்களிலும் சுற்றிக்கொண்டிருந்த அதே சக்கரம் அவர் முகத்துக்கு எதிரே சுற்றிக்கொண்டிருந்தது.